திரும்பக் கட்டலாம், ஆனால் எதை?

தேடல் எஞ்சின்களோடு வேலை செய்பவர்களிடையே ஒரு வாசகம் வேதவாக்குபோல் புழங்குகிறது: "இண்டெக்ஸ் வெறும் நகல்தானே? மூலம் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது. போனால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்." எலாஸ்டிக்சர்ச்சை வேகப்படுத்தச் சொல்லித்தரும் குறிப்புகள் பலவும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. டிரான்ஸ்லாக்கை 'ஏசிங்க்' ஆக்கு, ரெப்ளிகாவைப் பூஜ்யமாக்கு, எழுதும் வேகம் கூடும். ஏதாவது விழுந்தாலும் என்ன, நகல்தானே என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வடிவமைப்புக் கூட்டத்தில் ஒருவர் இதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டும். இந்த வாதம், மூலம் இல்லாத இடங்களில் மட்டும் தோற்கிற வாதம் அல்ல. மூலம் பத்திரமாக இருக்கிற இடத்திலும் தோற்கிறது. திரும்பக் கட்டுவதற்கு மூலம் இருந்தால் மட்டும் போதாது. எது போயிற்று, எங்கிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு இருக்கும் ஒரே சாட்சி, "வாங்கிக்கொண்டேன்" என்று இண்டெக்ஸ் கொடுத்த ஒப்புகை. நிலைப்பை, அதாவது எழுதியது டிஸ்க்கில் நிற்கும் என்ற உறுதியை, தளர்த்தும்போது நாம் அந்தச் சாட்சியைத்தான் பொய்யாக்குகிறோம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். எலாஸ்டிக்சர்ச், சோலர், ஓபன்சர்ச் மூன்றுக்கும் அடியில் இருப்பது லூசீன். டக் கட்டிங் 1999-இல் எழுதத் தொடங்கியது. லூசீனில் வரும் ஆவணம் முதலில் நினைவகத்தில் சேர்கிறது; பிறகு செக்மென்ட் என்னும் கோப்பாக எழுதப்படுகிறது. எழுதிய செக்மென்டை மறுபடி யாரும் திருத்துவதில்லை. பின்னால் பெரிய செக்மென்டுகளோடு இணைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். இதில் ஆவணத்தை நிரந்தரமாக்கும் செயல் 'கமிட்'. கோப்புகளை எல்லாம் எஃப்சிங்க் செய்து, அதாவது டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று கெர்னலைக் கேட்டு உறுதிசெய்து, இவைதான் இனி செல்லுபடியாகும் செக்மென்டுகள் என்று ஒரு பட்டியலையும் எழுதும். செலவு மிகுந்த வேலை. பழைய லூசீனில் ஒரு ஆவணம் தேடலில் வர வேண்டுமானால் இந்தக் கமிட் முடிந்தாக வேண்டும்.

2009-இல் வந்த 2.9 பதிப்பு அந்த முடிச்சை அவிழ்த்தது. கமிட் ஆகாத செக்மென்டுகளின் மேலேயே தேடலைத் திறக்கும் வசதி அதில் வந்தது. கிட்டத்தட்ட உடனடித் தேடல் என்று நாம் இன்று சொல்வதன் அடித்தளம் அதுதான். 2010-இல் ஷே பனான் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச் அதை எல்லோருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது: இயல்பாக 1 வினாடிக்கு ஒரு 'ரிஃப்ரெஷ்', உடனே தேடலில் ஆவணம் வந்துவிடும். ஆனால் ரிஃப்ரெஷ் செய்வது எழுதுவதை மட்டும்தான், எஃப்சிங்க் கிடையாது. செக்மென்ட் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பேஜ் கேஷில் நிற்கிறது. அந்த நிமிடம் மின்சாரம் போனால், ஆயிரம் பேர் தேடிப் பார்த்துவிட்ட ஆவணம்கூடக் காணாமல் போகலாம். தேடலில் வருவது வேறு, டிஸ்க்கில் நிற்பது வேறு.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் டிரான்ஸ்லாக். ஒவ்வொரு எழுத்தும் லூசீனுக்குப் போவதோடு ஒரு பதிவேட்டிலும் வரிசையாகச் சேர்கிறது. இயந்திரம் விழுந்து எழுந்தால், கடைசிக் கமிட்டுக்குப் பிந்தையவற்றை அந்தப் பதிவேட்டிலிருந்து திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். எலாஸ்டிக்சர்ச்சில் இதற்கு இரண்டு நிலைகள் உண்டு. 'ரிக்வெஸ்ட்' என்றால், பதிவேட்டை எஃப்சிங்க் செய்த பிறகே "ஆயிற்று" என்று பதில் போகும். 'ஏசிங்க்' என்றால், பதில் முதலில் போய்விடும். எஃப்சிங்க் பின்னணியில், இயல்பாக 5 வினாடிக்கு ஒருமுறை நடக்கும். இயந்திரம் விழுந்தால் அந்த இடைவெளியில் ஒப்புகை கொடுத்த எழுத்துகள் போய்விடும் என்று எலாஸ்டிக்சர்ச்சின் ஆவணங்களே சொல்கின்றன. நம் வழக்கு இந்த 5 வினாடியைப் பற்றியது.

"வெறும் 5 வினாடிதானே" என்பவர்கள் அதற்கு மேலே இருக்கும் குழாயைப் பார்ப்பதில்லை. பலருக்கும் பழக்கமான ஒரு அமைப்பையே எடுத்துக்கொள்வோம். சர்வரில் லாக் கோப்பு. அதைப் படித்து அனுப்ப ஃபைல்பீட். மறுமுனையில் ஒரே இயந்திரத்தில் எலாஸ்டிக்சர்ச். எந்தக் கோப்பில் எந்த இடம்வரை அனுப்பி ஒப்புகை வாங்கினோம் என்பதை ஃபைல்பீட் தன் ரெஜிஸ்ட்ரியில் குறித்துக்கொண்டே போகும். டிரான்ஸ்லாக் ஏசிங்க் நிலையில் இருக்கிறது. ஒப்புகை வருகிறது, ஃபைல்பீட் குறியை முன்னே நகர்த்துகிறது, அடுத்த வினாடி எலாஸ்டிக்சர்ச் இருக்கும் இயந்திரத்தில் மின்சாரம் போகிறது.

இயந்திரம் திரும்ப எழுகிறது. டிரான்ஸ்லாக்கில் இருந்தவரை ஓட்டிக்கொள்கிறது. தரவு இருந்த நிலை சீராக இருப்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஃபைல்பீட் தன் குறியிலிருந்து, அதாவது ஒப்புகை வாங்கிய இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து, அனுப்பத் தொடங்குகிறது. நடுவில் போன வரிகளை இந்தப் பக்கம் கேட்கவும் ஆளில்லை, அந்தப் பக்கம் கொடுக்கவும் ஆளில்லை. மூலக் கோப்பு இன்னும் சர்வரில் அப்படியே கிடக்கிறது என்பது உண்மை. லாக் ரொட்டேட் வந்து அதை அழிக்கும்வரை கிடக்கும். அதற்குள் யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே? பார்க்கச் சொல்லும் மணி எதுவும் அடிக்கவில்லை.

செய்திகளைத் தேக்கிவைத்துக் கொடுக்கும் காஃப்காவை நடுவில் வைத்தாலும் கதை மாறாது. ஒப்புகை வந்ததும், அதைப் படிக்கும் கன்ஸ்யூமர் தன் ஆஃப்செட்டை, அதாவது எதுவரை படித்தோம் என்ற குறியை, நகர்த்திவிடும். காஃப்காவில் செய்திகள் இயல்பாக 7 நாள் இருக்கும். அந்த 7 நாளும் அவற்றை யாரும் திரும்பப் படிக்கப்போவதில்லை. டேட்டாபேஸிலிருந்து வரும் குழாயும் அப்படியே. "இண்டெக்ஸ் ஆகிவிட்டது" என்று வரிசையில் ஒரு கொடி, அல்லது கடைசியாக எடுத்துப்போன நேரம் என்று ஒரு குறி. ஒப்புகை வந்ததும் இரண்டும் முன்னேறிவிடும். மூல வரிசை டேட்டாபேஸில் காலாகாலத்துக்கும் பத்திரமாக இருக்கும். இண்டெக்ஸுக்கு மட்டும் வராது.

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை என்று ஒன்று இருந்தது. பெற்றவர் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்ததும் அனுப்பியவர் தன் கணக்கை மூடிவிடுவார். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்பே தபால்காரர் தானே கையெழுத்துப் போட்டு அட்டையைத் திருப்பி அனுப்பினால், கடிதம் வழியில் தொலைந்தாலும் அனுப்பியவர் தேட மாட்டார். நகல் அவர் மேசையிலேயே இருந்தும் பயனில்லை. ஏசிங்க் டிரான்ஸ்லாக் செய்வது அந்தக் கையெழுத்தைத்தான்.

ஆகவே "திரும்பக் கட்டிக்கொள்ளலாம்" என்பது முழு இழப்புக்கான மருந்து. இண்டெக்ஸ் மொத்தமாக அழிந்தால் எல்லோருக்கும் தெரியும், உட்கார்ந்து கட்டுவார்கள். உடனடித் தேடலில் நிலைப்புக் குறையால் வரும் இழப்பு அந்த மாதிரி இல்லை. கோடி ஆவணங்களில் சில நூறு இருக்காது. தேடலில் வராத பொருளைப் பற்றி வாடிக்கையாளர் புகார் கொடுப்பதில்லை. அப்படியொரு பொருள் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரு பாதுகாப்பு ஊடுருவலை லாக்கில் தேடுபவருக்கு, அந்தச் சில வரிகள் இல்லாததும் ஊடுருவல் நடக்காததும் ஒன்றுபோலவே தெரியும்.

அழிப்பில் இது இன்னும் மோசம். ஒருவர் தன் விவரத்தை நீக்கச் சொல்கிறார். டேட்டாபேஸில் நீக்கியாயிற்று, இண்டெக்ஸுக்கும் நீக்கக் கட்டளை போய் ஒப்புகையும் வந்துவிட்டது. அந்த நீக்கம் டிஸ்க்கை எட்டுவதற்கு முன் இயந்திரம் விழுந்தால், எழுந்து வரும் இண்டெக்ஸில் அந்த ஆவணம் உயிரோடு இருக்கும். மூலத்தில் இப்போது அந்த வரிசையே இல்லை என்பதால், மூலத்தைப் பார்த்து வரிசை வரிசையாகச் சரிபார்க்கும் வேலையிலும் இது அகப்படாது. நீக்கிவிட்டோம் என்று அவருக்கு எழுதிக் கொடுத்த நிறுவனத்தின் தேடலில் அவர் விவரம் வந்துகொண்டே இருக்கும்.

"நாங்கள் தினமும் இரவு முழு இண்டெக்ஸையும் புதிதாகக் கட்டுகிறோம்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் வாதம் ஒட்டாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வைத்திருப்பது ஒரு நாள் தாமதத்தில் சரியாகும் தேடல். பகலில் வருவது உத்தேசக் கணக்கு என்று தங்கள் பயனர்களிடம் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் அவர்களிடம் கேட்க வேண்டியது. இண்டெக்ஸ் பெருத்து, ஒரே இரவில் கட்டி முடிக்க முடியாத நாள் வந்தால் அந்தக் காப்பும் போய்விடும்.

அடுத்த தற்காப்பு ரெப்ளிகா, அதாவது வேறொரு இயந்திரத்தில் வைக்கும் பிரதி. "எஃப்சிங்க் எதற்கு, இரண்டு இயந்திரத்தின் நினைவகத்தில் இருக்கிறதே" என்கிறார்கள். ஒரு இயந்திரம் மட்டும் விழுந்தால் மற்றது காக்கும் என்பது சரி. எலாஸ்டிக்சர்ச் தன்னோடு சமமாக ஓடும் ரெப்ளிகாக்கள் எல்லாம் பதில் சொன்ன பிறகுதான் ஒப்புகை தருகிறது; வட்டு கெட்டுப்போவதற்கும் ஒற்றைச் சர்வர் சாவதற்கும் அது நல்ல காப்பு. ஆனால் இந்த வாதம், இரண்டும் ஒன்றாக விழாது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஒரே ரேக், ஒரே மின்வழி, ஒரே கிளவுட் மண்டலம், ஒரே கெர்னல் பதிப்பு என்று வைத்துவிட்டு அப்படி நம்புவதற்கு ஆதாரம் கிடையாது. மின்சாரம் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்துப் போவதில்லை. போதாக்குறைக்கு, ஏசிங்க் ஆக்கச் சொல்லும் அதே குறிப்புதான் பெரிய அளவில் ஏற்றும்போது ரெப்ளிகாவைப் பூஜ்யமாக்கவும் சொல்கிறது. ஒன்றுக்கு மற்றது காப்பு என்று சொல்லிவிட்டு இரண்டையும் சேர்த்துக் கழற்றுகிறார்கள்.

சோதித்துப் பார்த்தோம், எதுவும் போகவில்லை என்பவர்களிடம், எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் 'கில் மைனஸ் நைன்' கொடுத்து புரோசஸைக் கொன்றிருப்பார்கள். புரோசஸ் செத்தாலும் கெர்னல் உயிரோடு இருக்கிறது. பேஜ் கேஷுக்குப் போய்விட்டதை அது நிதானமாக டிஸ்க்கில் இறக்கிவிடும். அந்தச் சோதனை எஃப்சிங்க்கைச் சோதிப்பதே இல்லை. சோலரில் இந்த வேறுபாடு அமைப்பிலேயே தெரியும். 2012-இல் 4.0 பதிப்போடு வந்த அதன் டிரான்சாக்‌ஷன் லாக், இயல்பாக எழுத்தை ஆபரேட்டிங் சிஸ்டம் வரைதான் தள்ளுகிறது. டிஸ்க் வரை தள்ள வேண்டுமானால் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாவா புரோசஸ் விழுவதை அது தாங்கும், மின்சாரம் போவதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது தற்காப்பு வேகம். எஃப்சிங்க் விலை உயர்ந்தது என்பது சுழலும் வட்டுகளின் காலத்தில் உருவான பயம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வட்டு ஒருமுறை சுற்ற 8 மில்லிவினாடிக்குச் சற்று மேல் ஆகும். ஆவணத்துக்கு ஒன்று என்று எஃப்சிங்க் செய்தால் வினாடிக்கு நூறைத் தாண்டுவதே பாடு. ஆனால் ஆவணத்துக்கு ஒன்று என்று யார் செய்யச் சொன்னது? எலாஸ்டிக்சர்ச்சில் பல ஆவணங்களைக் கட்டாக அனுப்பும் ஒரு பல்க் கோரிக்கை இண்டெக்ஸின் ஒரு துண்டான ஷார்டுக்குப் போகும்போது எஃப்சிங்க் ஒருமுறைதான். ஆயிரம் ஆவணம் கொண்ட கட்டுக்கு 8 மில்லிவினாடி என்றால் ஆவணத்துக்கு 8 மைக்ரோவினாடி. அதுவும் பழைய வட்டில். மின்சாரம் போனாலும் கையில் இருப்பதை எழுதி முடிக்கக் கெப்பாசிட்டர் வைத்த டேட்டா சென்டர் எஸ்எஸ்டிகளில் செலவு இன்னும் பல மடங்கு குறையும். ஒரே சமயத்தில் காத்திருக்கும் பல கோரிக்கைகளையும் ஒரே எஃப்சிங்க்கில் சேர்த்து முடிக்க எலாஸ்டிக்சர்ச்சுக்குத் தெரியும். ஏசிங்க் ஆக்கியதும் வேகம் தாறுமாறாகக் கூடியது என்று ஒருவர் சொன்னால், அவர் ஆவணங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார் என்றே நான் முதலில் சந்தேகப்படுவேன். அவர் மாற்ற வேண்டியது கட்டின் அளவை.

நான்காவது, கொஞ்சம் தத்துவம் பேசும் தற்காப்பு: உடனடித் தேடல் என்றாலே சற்றுத் தளர்வு இருக்கத்தான் செய்யும், உடனடியும் வேண்டும் உறுதியும் வேண்டும் என்றால் முடியாது என்பது. மேலே சொன்ன இயக்கம் இதற்கு நேர் எதிரான சாட்சி. தேடலில் வருவதை ரிஃப்ரெஷ் பார்த்துக்கொள்கிறது. நிலைப்பை டிரான்ஸ்லாக் பார்த்துக்கொள்கிறது. ரிஃப்ரெஷை 1 வினாடியிலிருந்து 30 வினாடியாக்கினால் நிலைப்பு கூடாது; டிரான்ஸ்லாக்கை ஏசிங்க் ஆக்கினால் ஆவணம் முன்னதாகத் தேடலில் வராது. ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கும் சந்தையே இங்கே இல்லை. நிலைப்பின் பாரத்தைப் பதிவேடு தனியாகச் சுமப்பதால்தான் செக்மென்டுகளை எஃப்சிங்க் செய்யாமல் வேகமாகத் திறக்க முடிகிறது. பதிவேட்டை முதலில் பத்திரப்படுத்து, பக்கங்களை நிதானமாக எழுதிக்கொள் என்ற இந்த உத்தி டேட்டாபேஸ் உலகில் பழசு. சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் ஆய்வாளராக இருந்த சி. மோகனும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் கட்டுரை அதைப் பாடநூல் இலக்கணமாகவே ஆக்கிவிட்டது. தேடல் எஞ்சின்கள் அந்தப் பதிவேட்டை இரவல் வாங்கிக்கொண்டன. பதிவேட்டை வாங்கிக்கொண்டு, அதைப் பத்திரப்படுத்திய பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் விட்டுவிடுவது எந்த இலக்கணத்திலும் சேராது.

எலாஸ்டிக்சர்ச்சின் வரலாறே இந்த வழக்கில் ஒரு தீர்ப்பு. ஆரம்பப் பதிப்புகளில் 5 வினாடிக்கு ஒருமுறை எஃப்சிங்க் என்பதுதான் இயல்பு நிலை. பரவல் அமைப்புகளை உடைத்துப் பார்த்துச் சோதிக்கும் கைல் கிங்ஸ்பரி, ஜெப்சன் என்ற தன் சோதனைத் தொடரில் 2014-இலும் 2015-இலும் எலாஸ்டிக்சர்ச்சை எடுத்துச் சோதித்தார். ஒப்புகை கொடுத்த ஆவணங்கள் தொலைவதை இரண்டு முறையும் காட்டினார். நெட்வொர்க் பிளவில் வந்த இழப்புகளுக்குக் காரணம் வேறு. ஆனால் 2015 சோதனை இந்த 5 வினாடி இடைவெளியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் எஃப்சிங்க் என்பது இயல்பு நிலையாகிவிட்டது. நகல்தானே என்று அதைக் கட்டியவர்களே சொல்லவில்லை. ஓபன்சர்ச் இன்னும் ஒரு படி போய், 2023-இல் 2.10 பதிப்போடு, டிரான்ஸ்லாக் தொலைவில் உள்ள ஆப்ஜெக்ட் ஸ்டோரில் ஏறிய பிறகே ஒப்புகை தரும் வழியையும் கொண்டுவந்தது. கட்டுபவர்கள் ஒப்புகையை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள். பயன்படுத்துபவர்கள் ஒரு வரி அமைப்பில் அதைத் தளர்த்துகிறார்கள்.

எஃப்சிங்க்கும் ஏமாற்றும், 2018-இல் பார்த்தோமே என்பார்கள். உண்மைதான். எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், எழுதாத பக்கங்களையே எழுதியாயிற்று என்று லினக்ஸ் குறித்துவிடும், அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லிவிடும் என்பதை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை உருவாக்கும் குழு அந்த ஆண்டு கண்டது. அவர்கள் அதிலிருந்து எடுத்த முடிவைப் பாருங்கள். எஃப்சிங்க் தோற்றால் இனி தன்னைத் தானே வீழ்த்திக்கொண்டு, எழுந்து, பதிவேட்டிலிருந்து மீளும்படி மாற்றினார்கள். பொய்யான ஒப்புகையைவிடச் சேவை நின்றுபோவது மேல் என்று முடிவுசெய்தார்கள். எஃப்சிங்க்கில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதையே கழற்றிவிடலாம் என்ற முடிவு அந்த வரலாற்றில் இல்லை.

நிலைப்பைத் தளர்த்துவது நேர்மையாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. நொடிக்கு நொடி வரும் சிபியு அளவீட்டில் சில புள்ளி விடுபட்டால் வரைபடத்தில் யாருக்கும் தெரியாது. அங்கே ஏசிங்க் வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி, மேல்முனையின் குறியை ஒப்புகையோடு நகர்த்தாமல் லூசீன் கமிட்டோடு நகர்த்துவது. கமிட் செய்யும்போது அதனுடனேயே சிறு தகவலைச் சேர்த்து எழுத லூசீனில் வசதி இருக்கிறது. காஃப்கா ஆஃப்செட்டை அதில் எழுதிவைத்து, விழுந்து எழுந்தால் அங்கிருந்து திரும்பப் படிக்கலாம். ஆவண எண்ணை நாமே கொடுத்தால் திரும்ப வருவது பழையதன் மேல் போய் உட்காரும்; எண்ணைத் தானாக உருவாக்கவிட்டால் ஒரே ஆவணம் இரண்டாகிவிடும். இந்த முறையில் டிரான்ஸ்லாக்கே தேவையில்லை. இதைச் செய்பவர்கள் நிலைப்பைக் கைவிடவில்லை. அந்தப் பொறுப்பைக் காஃப்காவிடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். "திரும்பக் கட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு, ஏனெனில் எங்கிருந்து கட்ட வேண்டும் என்று அவர்களிடம் எழுதியிருக்கிறது.

மற்றவர்கள் அடுத்தமுறை அந்த வாசகத்தைச் சொல்வதற்கு முன் மூன்று வேலை செய்யட்டும். உங்கள் ஒவ்வொரு இண்டெக்ஸிலும் டிரான்ஸ்லாக் எந்த நிலையில் இருக்கிறது, அதை யார், எதற்காக மாற்றினார்கள் என்று பாருங்கள்; பழைய தரவை ஏற்றுவதற்காக ஒரு நாள் மாற்றி, திரும்ப மாற்ற மறந்தவை அதில் இருக்கும். மூலத்துக்கும் இண்டெக்ஸுக்கும் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடாமல், இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் இல்லாதவை, அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் இல்லாதவை என்று இருதிசையிலும் ஆவண எண்களை ஒப்பிடும் வேலை ஒன்றைத் தவறாமல் ஓடவிடுங்கள். சோதனைக் கிளஸ்டரில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லா இயந்திரங்களின் மின்சாரத்தையும் ஒன்றாகத் துண்டித்து, ஒப்புகை வந்த ஆவணங்கள் அத்தனையும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இந்த மூன்றும் கைவசம் இருந்தால் இண்டெக்ஸை நகல் என்று அழைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இல்லாதவரை, மூலத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று யாருக்கும் தெரியாத ஒன்றை நம்பித்தான் உங்கள் பயனர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.